சமயப் பாடத்தில் அடுத்த வீட்டாரின் சமயமும் இருக்கட்டும்

தமிழ்நாட்டிலுள்ள தன்னாட்சிக் கிறிஸ்தவக் கல்லூரிகளின் ஆட்சிக் குழுவினர், தாளாளர்கள், முதல்வர்கள் அனைவருக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.

உங்கள் கல்லூரிகளில் விருப்பப் பாடமாக நடக்கும் சமயப் பாடத்தைக் கிறிஸ்தவத்தோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். சைவம், வைணவம், இஸ்லாம், சமணம், பௌத்தம், நம் ஊர்ப்புறத் தெய்வ வழிபாடுகள், கடவுள் மறுப்பு ஆகிய அனைத்துக்கும் அதில் இடம் வேண்டும். கிறிஸ்தவ மாணவர்களும் மற்றவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து அவற்றைப் படிக்க வேண்டும்.

நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். உங்கள் கல்லூரிகளைப் போன்ற ஒன்றில் தமிழ் கற்பித்தேன். வேதபாட வகுப்பும் என் பொறுப்பில் இருந்தது. மாணவர்களோடு சேர்ந்து வேதாகமத்தை வாசித்த அந்த வகுப்புகளை என் பணிக்காலத்தின் மிகச் சிறந்த பகுதியாகவே இன்றும் நினைக்கிறேன். அவற்றைக் குறைக்கச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த வகுப்புக்குள் இன்னும் பலரை வரவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது பல கல்லூரிகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒரு மணிநேரம் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. கிறிஸ்தவ மாணவர்கள் வேதபாடத்துக்குப் போகிறார்கள். மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கு. வேதபாடத்தில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு. நன்னெறி வகுப்பில் நேர மேலாண்மை, கோபத்தைக் கட்டுப்படுத்துதல், பெற்றோரை மதித்தல். சமயம் என்று பெயர் சூட்டித் தனியே ஒரு விருப்பப் பாடம் வைத்திருக்கும் இடங்களிலும் ஐந்து அலகுகளும் கிறிஸ்தவத்துக்கே போய்விடுகின்றன. இந்து மாணவி ஒருத்தி மூன்று ஆண்டுகள் நம்மிடம் படித்துவிட்டு மலைப்பிரசங்கத்தையும் அறியாமல், திருவாசகத்தையும் அறியாமல் வெளியேறுகிறாள். நம் பிள்ளைகளோ பக்கத்து வீட்டில் நோன்பு ஏன் இருக்கிறார்கள், எதிர்த் தெருவில் கொடை விழா எதற்கு என்று தெரியாமலே பட்டம் வாங்கிக்கொள்கிறார்கள்.

என் வகுப்பில் போதகர் ஒருவரின் மகன் இருந்தான். வேதாகமத்தில் எங்கே கேட்டாலும் அதிகாரமும் வசனமும் சொல்லுவான். இஸ்லாமியர்கள் இயேசுவை ஈசா நபி என்று போற்றுவதும், மரியாளின் பெயரால் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருப்பதும் அவனுக்குத் தெரியவில்லை. சொன்னபோது அவன் நம்ப மறுத்தான். அதே நேரத்தில் அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன், நாள்தோறும் தொழுகிற பையன், பக்கத்து அறையில் நேர மேலாண்மை கேட்டுக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே அறையில் இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க வேண்டாம்.

தமிழாசிரியர் என்பதால் எனக்கு மிகவும் மனத்தில் பட்ட இன்னொன்றையும் சொல்கிறேன். 13ஆம் சங்கீதத்தில் தாவீது, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கர்த்தரிடம் முறையிடுகிறார். பார்வை இழந்த சுந்தரர் திருவாரூரில் சிவபெருமான் முன் நின்று, உமக்கே அடிமையாகிப் பிறரை வேண்டாதிருந்த என்னை இப்படி வாடவிட்டுவிட்டு நீரே 'வாழ்ந்துபோதீரே' என்று பாடுகிறார். ஒருவர் கதறிக் கேட்கிறார். இன்னொருவர் கோபித்துக்கொண்டு, கிட்டத்தட்ட சபிப்பதுபோல வாழ்த்துகிறார். கடவுளோடு ஒரு பக்தனுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்ற கேள்வி இரண்டு பாடல்களிலும் இருக்கிறது, பதில்கள் வேறு. சுந்தரர் இறைவனுக்குத் தோழர். தாவீது முறையிட்டாலும் கர்த்தர் அவருக்கு ராஜாவாகவே இருக்கிறார். இந்த வேறுபாட்டை மாணவர்களோடு அலசினால் சங்கீதமும் ஆழமாகப் புரிகிறது, தேவாரமும் புரிகிறது. எல்லாச் சமயமும் ஒன்றே என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் கலைந்துபோகும் வகுப்பை நான் கேட்கவில்லை. வேறுபாடுகளை மரியாதையோடு பேசப் பழக்கும் வகுப்பைக் கேட்கிறேன்.

இது நம் மரபுக்குப் புதிதும் அன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு முதலில் செய்த வேலைகளுள் ஒன்று தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் படித்தது. புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய அதே மனிதர், தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூலை ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த அவருடைய மேலதிகாரி பிராங்கே அதை அச்சிடச் சம்மதிக்கவில்லை. மிஷனரிகளை அனுப்பியது அந்தச் சமயத்தை அழிக்கத்தானே தவிர, ஐரோப்பாவில் அதைப் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் நிலை. 1867வரை அந்த நூல் அச்சு காணவில்லை. போப் ஐயர் 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொடுத்தார். ஐயமாரின் இந்த வேலைகளை நிறுவனர் நாள் விழாக்களில் பெருமையாகப் பேசுகிறோம். நம் பாடத்திட்டம் மட்டும் பிராங்கேயின் பக்கம் நிற்கிறது.

அடுத்தவர் சமயத்தை அவர்கள் வாயால் கேட்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பதையும் நம் திருநெல்வேலிச் சபை அறியும். 1849இல் கால்டுவெல் வெளியிட்ட நூல், அந்நாளைய நாடார் மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்று வகைப்படுத்தியது. அந்த மக்களிடையே அது பெரும் மனக்கசப்பை விளைவித்தது. கால்டுவெல் தமிழுக்குச் செய்த பணியை நான் எந்நாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் சுடலைமாடனையும் இசக்கியம்மனையும் பற்றி ஒரு வகுப்பு நடத்துவதென்றால், அந்தக் கோயிலில் வில்லுப்பாட்டுப் பாடுகிறவரை அழைத்துப் பேசவைப்பதுதான் முறை. சாமித்தோப்பு அய்யா வைகுண்டரைப் பற்றி அய்யாவழி அன்பர் ஒருவர் சொல்லக் கேட்பதும் அப்படியே.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். வேலூரிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர். மிஷனரிக் கல்வி நிலையங்களில் இந்து சமயம் நடத்தப்பட்ட விதம் தம் மனத்தை ஆழமாகப் புண்படுத்தியது என்று பின்னாளில் எழுதினார். அந்த வேதனையே தம் சமயத்தைத் துருவி ஆராய அவரைத் தூண்டியது. வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி அவர் எழுதிய முதுகலை ஆய்வுரை 1908இல் நூலாக வந்தது. அதை மனமாரப் பாராட்டியவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஹாக். புண்பட்டதும் நம்மிடம், ஊக்கம் பெற்றதும் நம்மிடம். 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழை நாட்டுச் சமயங்களுக்கான பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1948-49இல் அவர் தலைமை வகித்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப் படிப்பின் முதலாண்டில் புத்தர், இயேசு, நபிகள், சங்கரர், இராமானுஜர், கபீர் போன்றோரின் வாழ்க்கையையும், இரண்டாம் ஆண்டில் பல சமய நூல்களின் பகுதிகளையும், மூன்றாம் ஆண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படைக் கேள்விகளையும் கற்பிக்கலாம் என்று பரிந்துரைத்தது. நம் பழைய மாணவர் ஒருவர் நாட்டுக்கே வரைந்து கொடுத்த திட்டத்தை நம் கல்லூரிகளாவது முயன்று பார்த்திருக்க வேண்டாமா?

இன்னொரு முரண்பாடு எனக்கு வெகுநாளாக உறுத்துகிறது. இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டின் கீழ் படிக்கிறவர்கள், அதாவது நாளைய போதகர்கள், பிற சமயங்களைப் பாடமாகவே படித்தாக வேண்டும். சபையை மேய்க்கப் போகிறவருக்கு இந்து சமயமும் இஸ்லாமும் தெரியவேண்டும் என்று நம் மூத்தவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். அதே சபையின் பி.காம். மாணவனுக்கு அது ஆபத்து என்று எப்படி நினைக்க முடியும்? இவன் நாளை பெங்களூரில் பல சமயத்தாரோடு ஒரே அறையில் தங்கி வேலைக்குப் போகிறவன்.

உங்கள் தயக்கங்களை நான் அறிவேன். பேராசிரியர்கள் அறையில் பலமுறை கேட்டிருக்கிறேன். அவற்றுள் மிகவும் கனமானது, இந்தக் காலத்தில் கதவைத் திறந்தால் யார் யார் உள்ளே நுழைவார்களோ என்ற அச்சம். சிறுபான்மையினர் நிறுவனங்கள்மேல் எத்தனை வகையான நெருக்கடிகள் வருகின்றன என்று பார்க்கும்போது இந்த அச்சத்தை யாரும் அற்பமாகப் பேசக்கூடாது. அதனாலேயே உயர்கல்வித் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு நம் கல்லூரிகளை நாமே நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. இந்த மாற்றம் அரசாணையாக வந்தால் நானே எதிர்ப்பேன். நாமாகவே செய்ய வேண்டிய காரியம் இது.

வழிபாடு வேறு, படிப்பு வேறு என்பதிலும் நமக்குக் குழப்பம் வேண்டாம். சமயத்துக்குள் பயிற்றுவிக்கும் கல்வியையும் சமயங்களைப் பற்றிய கல்வியையும் 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் கல்விக் குழு தெளிவாகப் பிரித்துக் காட்டியது. சமயங்களைப் பற்றிப் படிப்பதை அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2002இல் தீர்ப்பளித்தது. அதே 28ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசின் உதவி பெறும் நிறுவனத்தில் ஒருவரைச் சம்மதமின்றிச் சமய போதனையில் பங்கெடுக்க வைக்கக்கூடாது என்கிறது. ஆகவே பாடம் விருப்பப் பாடமாகவே இருக்கட்டும். வகுப்பில் பூசை வேண்டாம், பஜனை வேண்டாம், ஜெபமும் வேண்டாம். ஜெபத்துக்குச் சிற்றாலயம் இருக்கிறது.

பிற சமயத்தார் தாங்கள் நடத்தும் கல்லூரிகளில் வேதாகமம் கற்பிக்கிறார்களா என்று கேட்பவர்களும் உண்டு. கற்பிக்க வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் அவர்கள் தொடங்கட்டும் என்று காத்திருக்க நமக்கு எந்த நியாயமும் இல்லை. இந்த மாநிலத்தில் கல்லூரிக் கல்வியைப் பரவலாக்கிய பெருமையை நாம் கொண்டாடுகிறோம். இதிலும் முதலடி எடுத்து வைக்கலாம்.

பிள்ளைகளின் விசுவாசம் அசைந்துவிடும் என்ற கவலைக்கு நேராகவே பதில் சொல்கிறேன். சிலருக்கு அசையத்தான் செய்யும். அது கல்லூரி வகுப்பில், கேள்வி கேட்டால் கோபிக்காத ஓர் ஆசிரியர் முன்னால் நடக்கட்டும். இப்போது அவர்கள் அடுத்தவர் சமயத்தைக் கற்பது கைப்பேசியில், வசைகளோடு கலந்து வரும் துண்டுக் காணொளிகளில். அங்கே நம் விசுவாசத்துக்கும் மரியாதை இல்லை, பிறர் விசுவாசத்துக்கும் இல்லை.

ஆள் கிடைக்கமாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கும் வைணவத்துக்கும் சமணவியலுக்கும் இஸ்லாமியவியலுக்கும் கிறிஸ்தவவியலுக்கும் துறைகளோ மையங்களோ உண்டு. மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரி இருக்கிறது. உங்கள் தமிழ்த் துறையிலேயே தேவாரத்தையும் திவ்வியப் பிரபந்தத்தையும் சீறாப்புராணத்தையும் தேம்பாவணியையும் கற்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடவுள் மறுப்பைப் பற்றிப் பேச பெரியார் இயக்கத்தார் ஒருவரை அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார், அழைக்கத்தான் வேண்டும்.

பாடம் அமைப்பதில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தோற்றம், நிறுவனர், திருவிழாக்கள் என்று ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்து, இரண்டு மதிப்பெண் வினா கேட்டு முடித்துவிடாதீர்கள். ஒரு பருவத்துக்கு மூன்று மரபுகள் போதும். ஒவ்வொன்றிலும் மூல நூலிலிருந்து சில பக்கங்களை வகுப்பிலேயே வாசிக்க வேண்டும். அந்தச் சமயத்தைக் கடைப்பிடிக்கிற ஒருவர் ஒரு முறையாவது வந்து மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தேர்வுக்குப் பதிலாக ஒரு கட்டுரை: தனதல்லாத ஒரு சமயத்தின் நம்பிக்கை ஒன்றை, அந்தச் சமயத்தார் படித்தால் ஆம் இது எங்கள் நம்பிக்கைதான் என்று ஏற்கும்படி எழுத வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதுவது மிகக் கடினம். எழுதி முடித்த மாணவரை எந்த மேடைப் பேச்சும் எளிதில் வெறுப்புக்கு இழுத்துச் செல்ல முடியாது.

வரும் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைக் கடைசி இனமாக அல்லாமல் முதல் இனமாக வையுங்கள். கிறிஸ்தவ மாணவர்களையும் மற்றவர்களையும் பிரிக்காத ஒரே ஒரு வகுப்பை ஒரு கல்லூரி ஒரு பருவத்துக்கு நடத்திப் பார்த்தால்கூடப் போதும். வாசிப்புப் பகுதிகளைத் தொகுக்கவும், சங்கீதத்தையும் தேவாரத்தையும் வகுப்பில் நடத்தவும் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்
பாளையங்கோட்டை