பொங்கலுக்காக வாசல் தூணைச் சுரண்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரையில் இருக்கும் ஓர் ஊரில் தச்சுவேலை செய்கிறேன். வயது 62. அப்பாவிடம் உளி பிடிக்கக் கற்று 44 வருஷம் ஆகிறது. கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆகவில்லை, அதற்குள் மூன்று வீட்டிலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள். மூன்று வீட்டிலும் ஒரே கேள்விதான்: "ஆசாரி, திண்ணைத் தூணுல இருக்கற பழைய பெயிண்ட உரிச்சுட்டு, பொங்கலுக்குள்ள புதுசா அடிச்சுக் குடுத்துடுவீங்களா?" மூன்று பேரிடமும் முடியாது என்றேன். ஒருவருக்குக் கோபம்கூட வந்துவிட்டது. வாசலில் நின்றுகொண்டே விளக்கிச் சொல்ல முடிகிற விஷயம் இல்லை இது. உங்கள் பத்திரிகை எங்கள் ஊர் டீக்கடையிலும் சலூனிலும் கிடக்கிறது, எல்லாரும் புரட்டுகிறார்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு மழை. மார்கழியில் விடியற்காலைப் பனி. இந்த மூன்று மாதமும் வாசல் மரம் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதிலும் தூணின் அடி, கல்லில் உட்காருகிற அந்த ஒரு சாண் உயரம், தொட்டாலே சில்லென்று இருக்கும். அந்த ஈரத்தின் மேல் எனாமலை இழுத்துவிட்டால் பொங்கலன்று பளபளவென்றுதான் இருக்கும். சித்திரை வெயிலில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரப் பார்க்கும். வர வழியில்லாமல் பெயிண்டைத் தூக்கிக் கொப்புளம் போடும். அடுத்த மார்கழியில் அந்தக் கொப்புளத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி ஒரு கோட். டெல்டாவில் பாதி வீட்டு வாசல் இப்படித்தான் தோல் மேல் தோலாகத் தடித்துக்கொண்டே போகிறது.

பக்கத்து ஊரில் ஒரு பழைய வீடு. எட்டுத் தேக்குத் தூண், மேலே போதிகை, அதாவது தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்குகிற செதுக்குக் கட்டை, அதில் தலைகீழாகத் தொங்குகிற வாழைப்பூ. அந்த வாழைப்பூ ஏதோ மாவில் பிடித்து வைத்தது போல மொழுக்கென்று இருந்தது. ஒரு ஓரத்தில் பட்டித்தகட்டை வைத்துச் சாய்வாகச் சீவிப் பார்த்தேன். மேலே சாக்லேட் நிறம். அதற்குக் கீழே கிளிப்பச்சை, அதற்கும் கீழே வெளிர் நீலம், மறுபடி ஒரு பச்சை, அப்புறம் மஞ்சள், அதற்கு அடியில் செங்காவி, அதன் கீழே கறுத்துப் போன வார்னிஷ். ஏழு தோலைத் தாண்டித்தான் தேக்கு வந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். "இந்த மஞ்சள் என் கல்யாணத்துக்கு அடிச்சது" என்று விரலை வைத்துக் காட்டினார்.

அந்த மஞ்சள்தான் எனக்குப் பயம். என் மகள் வேதியியல் படித்தவள், அவள் சொல்லித்தான் தெரியும். அந்தக் கால எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கலந்திருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல், இருக்கக்கூடாது என்று மத்திய அரசு விதி போட்டதே 2016-ல்தான். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன்னால் அடித்த எந்தப் பெயிண்டையும் நல்ல பெயிண்ட் என்று நம்பிச் சுரண்டக்கூடாது. மரத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும் வரை அது ஒன்றும் செய்யாது. தூளாக்கினால்தான் ஆபத்து. அந்தத் தூள் திண்ணையில் படியும், தவழுகிற குழந்தை கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன தை மாதம் வேறொரு வீட்டில் நேரில் பார்த்தேன். வெளியூரிலிருந்து வந்த ஆட்கள், கையில் கிரைண்டர். இரும்பைத் தேய்க்கிற டிஸ்க்கைப் போட்டுத் தூணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகப் புகை போலத் தூள். வேலை செய்த பையன் கைக்குட்டையை மூக்கில் கட்டியிருந்தான், அவ்வளவுதான் பாதுகாப்பு. இரண்டடி தள்ளி, அதே திண்ணையில், பாயில் ஒரு ஒன்றரை வயதுக் குழந்தை உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தது. நான் போய்க் குழந்தையைத் தூக்கி உள்ளே கொடுத்துவிட்டு, கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். அதற்குள் நான்கு தூண் முடிந்திருந்தது. போதிகையில் இருந்த இலைகளின் நரம்பு போய்விட்டது. இலை இருந்த இடத்தில் மேடு மட்டும் இருக்கிறது. அதை எந்த உளியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. புதிதாகத்தான் செதுக்க வேண்டும்.

கேஸ் டார்ச்சால் பொசுக்கி உரிப்பது இன்னும் மோசம். தூளாவது கண்ணுக்குத் தெரியும், அந்தச் சூட்டில் கிளம்புகிற ஈயப்புகை தெரியாது. நாட்டு ஓட்டுக்கு அடியில் மூங்கிலும் ஒட்டடையுமாக இருக்கும் வீட்டில் தீயைக் காட்டுவதே தப்பு. பழைய பெயிண்ட் அடித்த ஜன்னல் சட்டத்தையும் கதவையும் போகி நெருப்பில் போடுகிறோமே, அதிலும் இதே புகைதான். தயவுசெய்து அதையும் நிறுத்துங்கள்.

சரி, எப்படித்தான் உரிப்பது? ஈரமாக உரிக்க வேண்டும். முதலில் மேலே இருப்பது என்ன என்று பாருங்கள். துணியில் ஸ்பிரிட்டை நனைத்துத் தேய்த்தால் பிசுபிசுவென்று கரைந்து வந்தால் அது அரக்குப் பாலிஷ், ஸ்பிரிட்டும் பொறுமையும் போதும். எனாமல் அதற்கு அசையாது. அதற்குக் கூழாக வரும் பெயிண்ட் ரிமூவர் வேண்டும். நிழலில், காலை வேளையில், பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தடிமனாகப் பூசி, மேலே பாலிதீன் தாளைச் சுற்றிவிடுங்கள். வெயிலில் பூசினால் வேலை செய்வதற்கு முன்பே காய்ந்துவிடும். இருபது நிமிஷம் கழித்துத் தாளை எடுத்தால் பெயிண்ட் சுருங்கி, சுண்டக் காய்ச்சிய பாலின் ஆடை போல எழும்பியிருக்கும். முனை மழுங்கிய பட்டித்தகட்டால் தள்ளினாலே வரும். செதுக்கு வேலை உள்ள இடத்தில் இரும்பே வேண்டாம். மூங்கில் குச்சியை உளி மாதிரி சீவிக்கொள்ளுங்கள், மூலைக்குத் தேங்காய் நார். ஏழு தோல் இருந்தால் மூன்று நான்கு தடவை பூச வேண்டி வரும். ஒரு தூணுக்கு இரண்டு நாள் ஆகும். அந்தக் கூலியைப் பார்த்துத்தான் பலர் கிரைண்டருக்குப் போகிறார்கள்.

ரிமூவர் சாதாரண சாமான் இல்லை. தடித்த ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி, நல்ல காற்று, மூன்றும் வேண்டும். பலதில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறது. மூடிய அறைக்குள் அதை வைத்து வேலை செய்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019-ல் பொதுமக்களுக்கு அந்த ரிமூவரைச் சில்லறையில் விற்பதையே தடை செய்துவிட்டார்கள். இங்கே கடையில் தின்னர் டப்பாவோடு சேர்த்து எடுத்துக் கொடுக்கிறார்கள். உறை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. பெயிண்ட் கடைக்காரர்களுக்கு இதுதான் என் வேண்டுகோள்: டப்பாவைக் கொடுக்கும்போது அந்த ஒரு வார்த்தையைக் கேளுங்கள்.

காஸ்டிக் சோடா மலிவு, அதனால் அதையும் பயன்படுத்துகிறோம். நானும் செய்து கெட்டிருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு தேக்குக் கதவுக்குக் காஸ்டிக் கரைசலைப் பூசிப் பெயிண்டை எடுத்தேன். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, போதும் என்று நினைத்து மறுநாளே வார்னிஷ் அடித்துவிட்டேன். மரம் கன்றிக் கறுத்துப் போனது. ஆடிக்குள் வார்னிஷ் ஏடு ஏடாக உரிந்தது. மரத்துக்குள் போன காரம் வெளியே வராமல் இருந்துவிட்டது. அந்த வீட்டுக்கு மறுபடி கூலி இல்லாமல் வேலை செய்து கொடுத்தேன். அதிலிருந்து காஸ்டிக் என்றால், சோடாவைத் தண்ணீரில்தான் போடுவேன், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்ற மாட்டேன், தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் வாளிதான். கழுவியதும் சிவப்பு லிட்மஸ் தாளை ஈர மரத்தில் ஒட்டிப் பார்ப்பேன். நீலமாக மாறினால் இன்னும் கழுவ வேண்டும். கடைசியில் ஆக்சாலிக் ஆசிட்டை இலேசாகக் கரைத்து ஒரு தடவை தடவினால் காரமும் அடங்கும், கறுப்பும் தெளியும். ஆணியைச் சுற்றி மை கொட்டினது போல் இருக்கும் கறைகூடப் போய்விடும். ஆனால் ஆக்சாலிக் ஆசிட் விஷம். சமையல் பாத்திரத்தில் கரைக்கக்கூடாது, பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

உரித்து வந்த தோலைக் கொல்லையில் கொட்டாதீர்கள், கோழி கொத்தும். வாய்க்காலில் தள்ளாதீர்கள். கீழே தார்ப்பாயை விரித்து, எல்லாவற்றையும் சுருட்டி மூட்டையாகக் கட்டுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்துக்கு வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீரில் நனைக்கிற உப்புத்தாளை, நனைத்துத் தேயுங்கள், தூள் பறக்காது.

அப்புறம் காய வேண்டும். இங்கேதான் பொங்கல் இடிக்கிறது. கழுவின தேக்கு வெளிப்பார்வைக்கு இரண்டு நாளில் காய்ந்தது போல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். மாசிக் கடைசியில் உரித்து, பங்குனியில் பத்து நாள் காற்றாட விட்டு, அப்புறம் கை வைத்தால் சரியாக இருக்கும். தண்ணீரை நான்கு சொட்டு தெளித்துப் பாருங்கள். தாமரை இலையில் போல உருண்டு நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது. மரம் உறிஞ்சிக்கொண்டால் நன்றாக உரிந்திருக்கிறது. 80 நம்பர் உப்புத்தாளால் ரேகை போகிற பக்கமாக ஒரு தேய்ப்பு போதும். வழுவழுவென்று ஆக்கிவிட்டால் எண்ணெய் உள்ளே இறங்காது.

ஆமாம், எண்ணெய்தான். வெளி மரத்துக்கு எனாமலும் கெட்டி வார்னிஷும் வேண்டாம் என்பது என் கட்சி. அவை மேலே தோலாக நிற்கும், உரியும், மறுபடி இந்தப் பாடு எல்லாம் பட வேண்டும். வெளி மரத்துக்கென்று விற்கும் எண்ணெயை மெல்லிசாகத் தடவி, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டால், அடுத்த முறை உரிக்கவே வேண்டாம். கழுவிவிட்டு மேலேயே தடவலாம். இப்போது ஆற்றங்கரை விடுதிகளில் திறந்தவெளியில் பலகைத் தளம் போடுகிறார்கள். வெயிலும் மழையும் நேரே விழுகிற அந்தப் பலகைக்கும் இதே வழிதான். பைக் கழுவுகிற வாட்டர் சர்வீஸ் பம்பை வைத்து அதன் பூச்சை எடுக்கிறார்கள். வேகத் தண்ணீர் மென்மையான நாரை அரித்து, பலகையைப் பூனைமயிர் போலச் சிலிர்க்க வைத்துவிடும்.

எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட்டைப் பற்றி ஒன்று. இந்த எண்ணெய்களில் பலதில் ஆளிவிதை எண்ணெய் இருக்கும். அது பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ஒருமுறை சாயங்காலம் சாக்கைக் கட்டப் போய் உள்ளே கையை விட்டேன். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் அம்பாரத்தின் உள்ளே எப்படிச் சுடும், அப்படிச் சுட்டது. உடனே இழுத்துத் தண்ணீர் வாளியில் அமுக்கினேன். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் போடுங்கள்.

இந்தக் கடிதத்தை மார்கழி பிறப்பதற்குள் வெளியிட்டால் உதவியாக இருக்கும். பிறந்துவிட்டால் கிரைண்டர் சத்தம் தெருவுக்குத் தெரு கேட்க ஆரம்பித்துவிடும்.

அந்த எட்டுத் தூண் வீட்டு அம்மாவிடம் பங்குனி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். சரி என்றுவிட்டார். "மஞ்சள்ல ஒரு துணுக்கு மட்டும் எங்கயாவது விட்டுடுங்க ஆசாரி" என்று கேட்டார். கடைசித் தூணில், போதிகைக்கு மேலே, எந்தக் குழந்தைக்கும் எட்டாத உயரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு அந்த மஞ்சளை விட்டு, தூள் வராதபடி மேலே வார்னிஷ் பூசிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தச்சர்,
வலங்கைமான் வட்டம்.