ஸ்பிரிங்கை மட்டும் மாற்றாதே

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். கொருக்குப்பேட்டை அத்தைக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சித்தப்பா வீட்டில் ஆவணியில் தேதி குறித்திருக்கிறார்கள். மற்றவற்றை உன் அம்மா தொலைபேசியில் சொல்வாள், நீ எடுத்தால்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கறுப்பு நிறத்தில் 17 அங்குல அலாய் வீல்கள், உன் ஸ்விஃப்ட் காரை 35 மில்லிமீட்டர் கீழே இறக்கும் சிவப்பு ஸ்பிரிங் நான்கு, கூடவே ‘எப்படி இருக்கிறது அப்பா’ என்று ஒரு வரி. வெகுநாட்களுக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த செய்தி அது ஒன்றுதான் என்பதால், ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆயுள் முழுக்க லாரிகளின் எடை தாங்கும் கமான் பட்டை கட்டியவனிடம் கேட்டிருக்கிறாய். தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஒரு பள்ளத்தில் அமுங்கி எழுந்த பிறகு அது துள்ளிக்கொண்டே இராமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். தொழிற்சாலையில் இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே தேர்ந்தெடுத்துப் பூட்டுகிறார்கள். நீ ஸ்பிரிங்கை மட்டும் கட்டையாகவும் விறைப்பாகவும் மாற்றினால், மென்மையான ஸ்பிரிங்கை அடக்குவதற்கென்று செய்த பழைய ஷாக், அதைவிட வலுவான துள்ளலை அடக்க முடியாமல் திணறும். அதன் தண்டும் எந்நேரமும் 35 மில்லிமீட்டர் உள்ளே இறங்கியே நிற்பதால், முன்பு பொருட்படுத்தாமல் கடந்து போன சிறு பள்ளத்துக்கே ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். கொஞ்ச நாளில் சீல் போய் எண்ணெய் கசியத் தொடங்கும். ஆகவே ஸ்பிரிங்கை மட்டும் மாற்றாதே. மாற்றத்தான் வேண்டும் என்றால் அந்த ஸ்பிரிங்குக்கென்றே செய்த ஷாக் நான்கையும் சேர்த்து மாற்று. ஒரு பக்கத்துக்கு மட்டும் புதியது போடுகிற வேலையும் கூடாது.

இருக்கும் ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்று வெட்டிவிட்டால் போதும், செலவே இல்லை என்று உன் நண்பர் சொன்னதாகப் பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. காயில் ஸ்பிரிங்கின் முனை, அது உட்காரும் கிண்ணத்தின் வளைவுக்கு ஏற்றபடி முடிக்கப்பட்டிருக்கிறது. வெட்டிய முனை அப்படி உட்காராது. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கும்போதோ, ஒரு மேட்டில் சக்கரம் தொங்கும்போதோ ஸ்பிரிங் இடம் விட்டு நகரும். திரும்ப எடை விழும்போது எங்கே போய் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலர் கேஸ் வைத்துச் சூடாக்கி அமுக்குவார்கள். அது அதைவிடக் கேடு, ஏனென்றால் சூடுபட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பின்பு அந்த இடத்தில்தான் முறியும். பட்டறையில் நீ சிறுவனாக இருந்தபோது சுத்தியலால் பட்டையைத் தட்டி, கணீரென்று ஒலித்தால் ஒரு பக்கமும், மொத்தென்று ஒலித்தால் மறுபக்கமும் அடுக்குவாயே, கண்ணுக்குத் தெரியாத விரிசல் உன் காதுக்குத் தெரிந்தது. எனக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாய். அந்தக் காதை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை வெட்டுகிறவர் பேச்சைக் கேட்கலாமா?

விறைப்பு எவ்வளவு கூடுகிறது என்பதையும் யோசி. கம்பியின் தடிமன் கூடினால் ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் கூடும். மற்றவை மாறாமல் 12 மில்லிமீட்டர் கம்பி 13 ஆனாலே விறைப்பு ஏறத்தாழ 38 சதவீதம் ஏறிவிடும். பார்வைக்கு ஒரு நூலளவு வித்தியாசம்தான். உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கு அது தெரியும். நீ பொறியியல் படித்தவன், இந்தக் கணக்கு என்னைவிட உனக்கு நன்றாக வரும். அதனால்தான் ஆற்றாமையாக இருக்கிறது.

உன் ஸ்விஃப்டுக்குத் தரையிலிருந்து இடைவெளி 163 மில்லிமீட்டர். அதில் 35 போனால் 128. சாலைத்துறை விதிப்படி போடும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ளது. உன் வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர்தான் என்பதால் வண்டி அதன்மேல் முழுதாக ஏறி இறங்கிவிடும். நம் தெருக்களில் அவரவர் வீட்டு முன்னால் போட்டுக்கொள்கிற தடைகளுக்கு உயரம் உண்டு, அகலம் கிடையாது. முன் சக்கரம் இறங்கிய மறுகணம் வயிறு உரசும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகள் அழுத்தி அழுத்தித் தார் இரண்டு பக்கமும் வரப்பாக எழும்பி நிற்பது உனக்குத் தெரியாததல்ல. இறக்கிய வண்டியில் இந்தப் பக்கம் வருவது கடினம். வராமல் இருப்பதற்கு அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளாதே.

இந்தக் கணக்கெல்லாம் காலி வண்டிக்கு. ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும் முன் அதில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரிய வேண்டும். பட்டறைக்கு வரும் லாரிக்காரரிடம் நான் முதலில் கேட்பது என்ன லோடு ஏற்றுகிறீர்கள் என்பதைத்தான். அது தெரியாமல் எத்தனை பட்டை வைப்பது என்று சொல்லவே முடியாது. நீ அனுப்பியவற்றில் பின் கதவு திறந்திருக்கும் படம் ஒன்று இருந்தது. உன் அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். யாழினியின் இருக்கை அதில் இல்லை. துவைக்கக் கழற்றியிருப்பான் என்று சொன்னாள், நானும் ஆமாம் என்றேன். சுதாவும் குழந்தையும் பின்னால் இருக்க, ஊருக்கு வரும் பெட்டிகளும் அம்மா கொடுத்தனுப்பும் அரிசியும் டிக்கியில் இருக்க ஓடும் வண்டிக்கு ஒரு வகை ஸ்பிரிங். ஒருவர் மட்டும் ஓட்டும் வண்டிக்கு வேறு வகை. அது எந்த வண்டி என்று நீ எழுதவில்லை. நான் முதல் வகை என்று நினைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

இனி சக்கரம். இப்போது இருக்கும் 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் உயரம் 120 மில்லிமீட்டர். நீ கேட்கும் 205/45 ஆர்17 டயரில் அது 92. மொத்த விட்டம் 621க்கும் 616க்கும் அருகருகே இருப்பதால் வேகமானி தவறு காட்டாது, அந்த வகையில் பழுதில்லை. ஆனால் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது தாங்க வேண்டிய ரப்பரில் 28 மில்லிமீட்டர் போய்விடுகிறது. அப்போது விளிம்புக்கும் வீலுக்கும் நடுவே டயர் நசுங்கும், உள்ளே இருக்கும் நூல் அறும், அடுத்த நாள் பக்கச்சுவரில் ஒரு கட்டி புடைத்து நிற்கும். அந்த டயரைப் பிறகு ஓட்டவே கூடாது. இரும்பு டிஸ்க் என்றால் வளையும், தட்டி எடுத்துவிடலாம். வார்ப்பு அலாய் விரிசல் விட்டுவிடும், அதற்கு வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரிய வீல் பெரும்பாலும் எடையும் கூடியது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை கூடக் கூட ஷாக்குக்கு வேலை கூடும், ஸ்டீயரிங்கும் மந்தமாகும். வாங்கும் முன் தராசில் வைத்துக் காட்டச் சொல்.

அழகாக இருக்க வேண்டும் என்று நீ நினைப்பது தவறென்று நான் சொல்லவே இல்லை. 16 அங்குலத்துக்குப் போ. 195/55 ஆர்16 டயரும் மொத்தம் 621 மில்லிமீட்டர்தான், பக்கச்சுவர் 107. பலேனோவின் உயர் வகைகளுக்குத் தொழிற்சாலையிலேயே அதைத்தான் போடுகிறார்கள், போல்ட் துளைகள் அமைந்த வட்டமும் உன் வண்டிக்கு உள்ள அதே நான்கு துளை, 100 மில்லிமீட்டர். வெளியில் விற்கும் வீலாக இருந்தால் நடுத்துளையைப் பார். அந்தத் துளை உட்காரும் உன் ஹப் 54.1 மில்லிமீட்டர், எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பலர் 73.1 வைத்துச் செய்கிறார்கள், அந்த இடைவெளிக்கு வளையம் போடாமல் பூட்டினால் வேகமெடுக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். வீல் எவ்வளவு உள்ளே தள்ளி அமரும் என்று சொல்லும் ஆஃப்செட் எண் பழைய வீலுக்கு நெருங்கியதாக இருக்கட்டும். சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பேரிங்குக்குத்தான் கேடு. டயரில் எடை எண் பார்: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545, 84 என்றால் 500 மட்டுமே. 17 அங்குலத்தில் 84 எண்ணை மலிவாகத் தந்துவிடுவார்கள். பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய இருப்பைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். 1946இல் பலூன் செய்யத் தொடங்கி டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப். பிறந்த திருவொற்றியூரில் வளர்ந்த பிள்ளை நீ, டயர் விஷயத்தில் ஏமாந்து நிற்கக் கூடாது.

என் யோசனையைக் கேட்டால், வீலுக்கும் ஸ்பிரிங்குக்கும் முன்பே அந்தப் பணத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வண்டி 2019இல் வாங்கியது. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் ரப்பர் மவுன்ட், இவை தேய்ந்திருக்கும். பொங்கலுக்கு நீ வந்து நின்றபோது முன் இடது பக்கத்தில் ‘டக் டக்’ என்ற சத்தம் என் காதில் விழுந்தது, அன்று நீ வேறு யோசனையில் இருந்ததால் சொல்லவில்லை. கடற்காற்றில் கிடந்த வண்டி வேறு. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் பெயின்ட் உரிந்து துரு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். தேய்ந்த புஷ்ஷின் மேல் விலை உயர்ந்த ஷாக்கைப் பூட்டினால் பணம்தான் வீண். இவற்றை மாற்றி, ஷாக் நான்கையும் அசல் அளவிலேயே நல்லதாகப் புதிதாகப் போட்டால், இறக்காமலேயே வண்டி சாலையைப் பிடித்து ஓடும். புஷ் மாற்றும் மெக்கானிக்கிடம் ஒன்றை மறவாமல் சொல்: வண்டி தூக்கி நிற்கும்போது லோயர் ஆர்ம் போல்ட்டைக் கடைசி இறுக்கம் இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று எடை விழுந்த பிறகே இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புது ரப்பர் முறுக்கியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். ஸ்ட்ரட்டை நீயே பிரிக்கலாம் என்று இறங்கிவிடாதே. அமுங்கிய ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரில் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் ஆள் மேலேயே பாயும்.

அலைன்மென்ட் கடைசியில். உன் வண்டியின் முன்பக்கத்தில் ஸ்ட்ரட்டே சக்கரத்தின் சாய்வையும் தீர்மானிக்கிறது. உயரம் மாறினால் சாய்வும் மாறி டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம், அங்கே திருத்துவதற்கு எதுவுமே இல்லை. வீல் பூட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல். முதல் லோடு அடித்துவிட்டு வந்ததும் கமான் பட்டையைப் பிடிக்கும் யு போல்ட்டை இறுக்கிக்கொண்டு போ என்று லாரிக்காரரிடம் சொல்வேனே, அதே காரணம்தான்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் வீல் மாற்றியதை எழுத்தில் தெரிவி. நாளைக்கு ஒன்று நடந்து, அதைச் சாக்காக வைத்துப் பணம் தர மறுத்தால் அலைய வேண்டியது குடும்பம்தான்.

ஓட்டும்போது மட்டும்தான் மனம் லேசாக இருக்கிறது என்று அன்று வாசலில் நின்று சொன்னாய். நான் பதில் ஏதும் சொல்லவில்லை. இரவில் சேலம் சாலையில் தனியாக ஓட்டுகிறவனுக்கு வேண்டியது நல்ல டயரும், கசியாத ஷாக்கும், ஈரத்தில் பிடிக்கும் பிரேக்கும். விறைத்த ஸ்பிரிங் மழையில் பின்பக்கத்தைத் துள்ளவிடும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றாதே, செந்தில். தூக்கம் வந்தால் ஓரத்தில் நிறுத்து.

வேலையை இங்கேயே செய்துகொள்ளலாம். ஷாக்கும் புஷ்ஷும் ஜி.பி. ரோட்டில் நானே நின்று வாங்குகிறேன், பில்லும் என்னுடையது, அதில் வாதம் வேண்டாம். புதுப்பேட்டையில் கழற்றிய ஸ்ட்ரட் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. பட்டறைக்கு இரண்டு நாள் வேலை, அதுவரை வீட்டில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ. மூவருமாக வந்தால் எடை வைத்தே உயரத்தை அளந்துவிடலாம். நீ மட்டும் வந்தாலும் வா, பார்த்துக்கொள்ளலாம். வரும் முன் நான்கு டயரின் தேதி எண்ணையும், முன் இடது ஷாக்கையும் படம் எடுத்து அனுப்பு. ஈரமாக எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அதே வண்டியில் கோவையிலிருந்து புறப்படாதே, அங்கேயே முன் ஜோடியை மட்டும் மாற்றிக்கொண்டு வா.

இப்படிக்கு,
அப்பா