புது வண்டிக்குக் காப்பீடு: தேவகோட்டை நண்பனுக்கு

காரைக்குடி
14.7.2024

அன்புள்ள சொக்கலிங்கத்துக்கு,

நலம். நீயும் ஆச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அறுபது வயதைக் கடந்த பிறகு முதல் கார் வாங்குகிறாய் என்ற செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது. ஷோரூமில் கொடுத்த காப்பீட்டு மதிப்பீட்டின் நகலைக் கடிதத்தோடு வைத்து, 42,480 ரூபாய் எதற்கென்று புரியவில்லை, இதில் எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டிருந்தாய். கொடுக்கல் வாங்கலிலேயே ஆயுளைக் கழித்த உனக்குக் கணக்கு புரியாமலா போகும்? எந்த இனத்தில் பேரம் பேசலாம், எதில் பேசக் கூடாது என்பதுதான் உனக்குத் தெரிய வேண்டியது.

மதிப்பீட்டில் 10,640 ரூபாய் என்று இருப்பது மூன்றாம் நபர் காப்பீடு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கவே முடியாது. மீறினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். உன் வண்டியால் பிறர் இறந்தாலோ காயமடைந்தாலோ தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை நிறுவனம் உச்சவரம்பின்றிக் கொடுக்கும். பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை கொடுக்கும். புதுக் காருக்கு இதை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் உள்ள விதி. இதன் கட்டணத்தை ஒன்றிய அரசு நிர்ணயிக்கிறது. 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள சொந்த உபயோகக் காருக்கு 2022 ஜூன் முதல் மூன்றாண்டுத் தொகை இதுதான். மதுரையில் கேட்டாலும் சென்னையில் கேட்டாலும் ஒரு ரூபாய் குறையாது. அதன்மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அப்படியே.

ஆகவே உன் பேரமெல்லாம் 'ஓன் டேமேஜ்' என்ற, உன் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான 17,000 ரூபாயிலும், கூடுதல் பாதுகாப்புகள் என்று போட்டிருக்கும் 8,000 ரூபாயிலும்தான். வண்டி மாதத்தில் பாதி நாள் வீட்டில்தான் நிற்கப்போகிறது, ரொக்கத்துக்கு வாங்குவதால் கேட்க வங்கியும் இல்லை, எனவே மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திவிடலாமா என்று எழுதியிருக்கிறாய். சட்டம் தடுக்காது. ஆனால் திருட்டும் தீயும் மரம் முறிந்து விழுவதும் நிற்கிற வண்டிக்கும் நேர்பவை. எட்டு லட்சம் ரூபாய்ப் பொருளை அப்படி விடுவதை நான் ஒப்பமாட்டேன். அதற்குப் பதிலாக, ஷோரூமிலேயே காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வேறு இரண்டு மூன்று நிறுவனங்களிடம் அதே விவரங்களைக் கொடுத்து விலை கேள். வெளியிலிருந்து வாங்கிய விலையை மேசைமேல் வைத்தால் ஷோரூம்காரர்களும் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

விலை கேட்கும்போது ஒரு தந்திரத்துக்கு இடம் கொடுத்துவிடாதே. ஐ.டி.வி. என்பது வண்டி திருடுபோனாலோ முற்றாக அழிந்தாலோ உனக்குக் கிடைக்கும் உச்சத்தொகை. புதுக் காருக்கு ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்து 7,60,000 என்று சரியாகவே போட்டிருக்கிறார்கள். வேறொரு முகவர் அதையே 6,60,000 ஆக்கிவிட்டுப் பிரீமியத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் மலிவு என்று காட்டுவார். இரண்டாயிரத்தை மிச்சம்பிடித்து ஒரு லட்சத்தைக் கைவிடுவதற்கு நம் பக்கத்தில் என்ன பெயர் சொல்வார்கள் என்று உனக்கே தெரியும்.

கூடுதல் பாதுகாப்புகளில், பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் 'ஜீரோ டெப்' என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் அடித்துவிடாதே. சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வண்டி புதிதாக இருந்தாலும் பாதி விலைதான் தருவார்கள், இன்றைய கார்களில் முதலில் உடைவதெல்லாம் பிளாஸ்டிக்தான். இரவில் திருமயம் சாலையில் மாடு குறுக்கே வந்து பம்பருக்கும் அதைச் சார்ந்த பாகங்களுக்கும் 20,000 ரூபாய் ஆனால், 10,000 ரூபாயையும், ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவான 1,000 ரூபாயையும் நீ கொடுக்க வேண்டிவரும். ஜீரோ டெப் இருந்தால் அந்த ஆயிரத்தோடு போயிற்று. இஞ்சின் பாதுகாப்பு நம் வறண்ட சீமையில் அவ்வளவு தேவையில்லை என்று சொல்லியிருப்பேன். ஆனால் உன் மகள் வீட்டுக்கு ஐப்பசி கார்த்திகையில் சென்னை போய்வருவாய். தேங்கிய நீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து இஞ்சின் கெட்டால் சாதாரணப் பாலிசி கைவிரித்துவிடும். 2021இல் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஓர் உயிர் போனதையும் மறந்திருக்கமாட்டாய். எனவே இஞ்சின் பாதுகாப்பும் இருக்கட்டும். சாவி தொலைந்தால் பணம், பயணப்பெட்டி தொலைந்தால் பணம் என்பவற்றைக் கூசாமல் அடித்துவிடு.

விலக்குகள் பட்டியலையும் ஒருமுறை படி. போரால் வரும் இழப்புக்குப் பொறுப்பில்லை என்றொரு வரி அதில் உண்டு. போரின்போது பர்மாவில் கடைகளையும் நிலங்களையும் விட்டுவிட்டு நடந்தே வந்தவர்களின் பேரர்களான நமக்கு அதைப் படிக்கையில் ஒரு கசப்பான சிரிப்பு வரத்தான் செய்யும். அதைவிட உனக்கு நேரடியாகப் பொருந்தும் வரி வேறு. வண்டியை வாடகைக்கு விட்டால் சொந்த உபயோகப் பாலிசி செல்லாது. முகூர்த்த மாதங்களில் கல்யாண வீட்டுக்காரர்களும், நம் செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்பவர்களும் புது வண்டி என்றால் தேடி வருவார்கள். பங்காளிக்குப் பணம் வாங்காமல் கொடுப்பது வேறு; ஓட்டுபவரிடம் உரிமம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

அடுத்த ஆண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் புதிதாக வாங்குபவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். மூன்றாண்டுக்குப் பணம் கட்டியாயிற்று என்ற நினைப்பில் இருந்துவிடுவார்கள். உண்மையில் உன் மதிப்பீட்டில் சொந்தச் சேதத்துக்கான பகுதி ஓராண்டுக்குத்தான். அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். கிளெய்ம் இல்லாமல் ஓராண்டு போனால் அந்தப் பகுதிப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, பிறகு 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 சதவீதம். ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் அடுத்த புதுப்பிப்பில் அது சுழியாகிவிடும்; காலாவதியாகி 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் அப்படியே. எனவே சந்தில் உரசிய கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதே. மூன்று நான்காயிரம் ரூபாய் வேலையைக் கைப்பணத்தில் முடித்துக்கொள்வதே லாபம். இந்தத் தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று, உனக்கு உரியது. நாளை இந்தக் காரை விற்று வேறு வாங்கினாலும் கூடவே வரும்.

கடைசியாக, வண்டியை ஆச்சி பெயரில் பதிவு செய்யப்போவதாக எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கு 360 ரூபாய் போட்டிருக்கிறார்களே, அது ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளருக்குத்தான் பொருந்தும். ஆச்சியிடம் உரிமம் இல்லை என்பதால் அதை எடுத்துவிடச் சொல். மாறாக, நீ வைக்கப்போகும் சம்பள ஓட்டுநருக்கான பொறுப்பு 50 ரூபாய்தான். அது மதிப்பீட்டில் விட்டுப்போயிருக்கிறது, கேட்டுச் சேர்த்துக்கொள். உனக்கும் மற்றவர்களுக்கும் பயணிகள் விபத்துக் காப்பீடு தனியாக உண்டு, அதற்கும் விலை கேள். திருத்திய மதிப்பீடு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் நகலை எனக்கு அனுப்பு. இந்த வாரம் முழுவதும் ஊரில்தான் இருப்பேன்.

அன்புடன்,
வயிரவன்