நாலு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றுங்கள்

வெளிநாட்டு மாணவர்களைப் பயிற்சிக்கு ஏற்கும் நம் மருத்துவ, செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கு வணக்கம்.

பதினெட்டு வருடமாக வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர் நான். வருடா வருடம் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று எங்கிருந்தெல்லாமோ மாணவர்கள் எங்கள் வண்டியில் ஏறுகிறார்கள். ஆர்வமுள்ள பிள்ளைகள். ஆனால் மருத்துவம் படிப்பவர் ஒரு நாள், பிசியோதெரபி படிப்பவர் இன்னொரு நாள், நம் பிள்ளைகள் வேறொரு நாள் என்று பிரித்துப் பிரித்து அனுப்புகிறீர்கள்.

போன தை மாதம் தற்செயலாக நாலு பேர் ஒன்றாக வந்தார்கள். பக்கவாதத்தில் இடது கை, கால் விழுந்துபோன ஒரு தாத்தாவின் வீடு. மருத்துவ மாணவர் பிரஷர் பார்த்தார், 180. மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டால், "போடுறேனே" என்கிறார் தாத்தா. நம் செவிலியர் மாணவி பேச்சோடு பேச்சாகப் பாயை உதறினார். கீழே மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது. "அதைப் போட்டா ராத்திரி நாலு தடவை எந்திரிக்க வேண்டியிருக்கும்மா" என்று அவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார் தாத்தா. உடனே ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் படிப்பு, படிக்கும் மாணவி கழிப்பறையைப் பார்க்கப் போனார். வீட்டுக்குப் பின்னால், இரண்டு படி இறங்கி, பிடிமானம் எதுவும் இல்லை. பிசியோ மாணவர் தாத்தாவை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் வலது கைதான் பிடிக்கும், அதனால் இரண்டு பக்கமும் கம்பு வேண்டும் என்றார். சாயங்காலம் மகன் சவுக்குக் கம்பு நட்டார். அதிகமாகச் சிறுநீர் போகவைக்கும் அந்த நீர் மாத்திரையை எங்கள் டாக்டர் காலைக்கு மாற்றினார்.

தனியாகப் போயிருந்தால் எனக்கே இது பிடிபட்டிருக்காது. வெவ்வேறு துறை மாணவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது. நமக்கு இதற்குப் புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு மாணவர்களைச் சேர்த்துவிட்டால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு முகாமில், வெளிநாட்டுப் பிள்ளை என்ற மரியாதையில் ரத்தம் எடுக்கும் ஊசியை ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டார்கள். மூன்று முறை குத்தியும் ரத்தம் வரவில்லை. நோயாளி அம்மா வாயே திறக்கவில்லை, சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மாணவியின் கண் கலங்கிவிட்டது. மாணவர்களுக்கு அவர்கள் நாட்டில் அனுமதி இல்லாததை இங்கே செய்யவிடாதீர்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே 2011-ல் தங்கள் மாணவர்களுக்கு இதைத்தான் எழுதிவைத்தது.

அப்புறம், நம் பிள்ளைகளும் அங்கே போய்ப் படிக்க வழி கேளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே கேட்டால்தான் நடக்கும்.

அடுத்த வாரம் அந்தத் தாத்தா கம்பைப் பிடித்துத் தானாகப் படி இறங்கினார். பார்க்க நான் மட்டும்தான் இருந்தேன். நாலு பேரும் வெவ்வேறு வார்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த முறை ஒரு மாதமாவது அதே நாலு பேரை, அதே வீடுகளுக்கு என்னோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஊர்ப்புறச் செவிலியர் ஒருவர்