காதில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

காதுக் குறும்பி எடுக்க வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்யச் சொல்லும் காணொளிகள் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. பருத்தித் துணியைப் பட்டையாகக் கிழித்து, உருக்கிய தேன்மெழுகில் நனைத்து, கூம்பான குச்சியில் சாய்வாகச் சுற்றி, ஆறியதும் குச்சியை உருவினால் ஒரு அடி நீளக் குழல் தயார். ஒருக்களித்துப் படுத்தவரின் காதில் குறுகிய முனையைச் செருகி, மேல்முனையைப் பற்றவைக்கிறார்கள். அனல் மேலே போகும்போது குறும்பியையும் இழுத்துக்கொண்டு போகுமாம்.

அப்படி நடக்காது. புகைபோக்கியில் காற்று ஏற வேண்டுமானால் அடியில் காற்று நுழைய வழி வேண்டும். காதுத் துளையோ சுமார் 2.5 செ.மீ. ஆழத்தில் செவிப்பறையால் அடைபட்டது. குழல் இறுக்கமாகப் பொருந்தினால் இழுவை இல்லை. தளர்ந்திருந்தால் பக்கத்துக் காற்றுதான் உள்ளே போகும். பிசுபிசுவென்று தோலில் ஒட்டியிருக்கும் குறும்பியைப் பெயர்க்கும் அளவுக்கு இழுவை இருந்தால், அதைச் செவிப்பறை தாங்காது.

எரிந்த துண்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் மஞ்சளும் பழுப்புமான தூளை "காதழுக்கு" என்று காட்டுகிறார்கள். இன்னொரு குழலைக் காதில் வைக்காமல் எரித்துப் பிரித்தாலும் அதே தூள்தான் இருக்கும். அது எரியாத மெழுகும் துணிக்கரியும்.

1996இல் அமெரிக்க மருத்துவர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். உறிஞ்சும் அழுத்தம் உண்டாகவில்லை, குறும்பி வெளியே வரவில்லை. சில காதுகளில் மெழுகு படிந்ததுதான் மிச்சம். 122 காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடம் அவர்கள் விசாரித்ததில் 21 காயங்கள் தெரியவந்தன. பெரும்பாலானவை தீப்புண், ஒருவருக்குச் செவிப்பறையே ஓட்டை.

வீட்டில் செய்யும் குழலில் ஆபத்து இன்னும் அதிகம். மெழுகு ஊறாத இடத்தில் துணி குப்பென்று பற்றும். மெழுகு கூடிப்போனால் உட்புறமாக வழிந்து துளைக்குள் சொட்டும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சொட்டு செவிப்பறையில் விழுந்து உறைந்தால், உடம்புச் சூட்டில் மறுபடி இளகாது. எண்ணெய் விட்டாலும் கரையாது. நுண்நோக்கியின் கீழ் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். குழந்தை அசையாமல் இருக்காது என்பதால், சில சமயம் மயக்க மருந்து கொடுத்தே எடுக்க வேண்டியிருக்கும். குழந்தைக்கு வைக்கவே கூடாது என்று இதற்காகத்தான் மன்றாடிக் கேட்கிறோம்.

குறும்பி பெரும்பாலும் தானாகவே வெளியே நகர்ந்து வந்துவிடும். அடைத்துக்கொண்டால், சுடவைக்காத தேங்காய் எண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ 2 அல்லது 3 சொட்டு விட்டு, 5 நிமிடம் ஒருக்களித்துப் படுக்கலாம். காலையும் இரவுமாக 5 நாள் போதும். முதல் இரண்டு நாள் குறும்பி ஊறி, அடைப்பு கூடியதுபோல் தோன்றும். பயந்து ஊக்கோ பஞ்சுக்குச்சியோ விட்டு அதை உள்ளே தள்ளிவிடக் கூடாது. காதில் வலி, சீழ், இரத்தம் இருந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருப்பதாக முன்பே சொல்லியிருந்தாலோ சொட்டு எண்ணெயும் விடாமல் நேரே மருத்துவரிடம் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது குறும்பிதான் என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள்.

இப்படிக்கு,
காது மூக்கு தொண்டைப் பிரிவுச் செவிலியர்கள்,
மதுரை