கண்ணுக்கு நேரம் கேட்டவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

எங்கள் கலைக்கூடத்தில் காது கேளாதவர்களுக்கு ஓவியங்களைச் சைகைமொழியில் சுற்றிக்காட்டும் சைகைமொழிச் சுற்று தொடங்கி ஓராண்டு ஆகிறது. யாருக்கெல்லாம் நன்றி சொல்வது என்று எழுத உட்கார்ந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது ஒரு கை.

முதல் ஒத்திகையில் ஓர் ஓவியத்தைப் பற்றி நான் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் சைகையில் சொல்லிக்கொண்டு வந்தார். முன்னால் நின்றிருந்த அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். “நீங்கள் பேசினால் காது கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே படத்தைப் பார்க்கிறார்கள். நாங்கள் இவர் கையைப் பார்க்கிறோம். படத்தை எப்போது பார்ப்பது?”

கல்விப் பிரிவில் இத்தனை காலம் இருந்தும் எனக்கு இது தோன்றியதே இல்லை. அன்றோடு முறையை மாற்றினோம். கொஞ்சம் சொல்வோம், நிறுத்துவோம். எல்லோரும் படத்தின் பக்கம் திரும்புவார்கள். கண்கள் எங்களிடம் திரும்பி வந்த பிறகுதான் அடுத்த சொல். ஒரு மணி நேரத்தில் பத்து ஓவியம் காட்டிக்கொண்டிருந்தோம், இப்போது நான்குதான். அந்த நான்கையும் அவர்கள் நின்று பார்ப்பதுபோல் வேறு எந்தக் குழுவும் பார்த்து நான் கண்டதில்லை. அக்கா, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

அடுத்து, இப்போது அந்தச் சுற்றைத் தாங்களே நடத்தும் காது கேளாத வழிகாட்டிகள் நால்வருக்கும். தொடக்கத்தில், படத்துக்குப் பக்கத்தில் விளக்கத்தை எழுதி ஒட்டிவிட்டால் போதும் என்று எங்களில் சிலர் நினைத்தோம். சைகைமொழி தனி இலக்கணம் உள்ள தனி மொழி என்பதையும், அதிலேயே வளர்ந்தவருக்கு எழுத்து இரண்டாம் மொழி என்பதையும் பொறுமையாக எங்களுக்குப் புரியவைத்தவர்கள் நீங்கள். ஓவியக்கலையின் சில சொற்களுக்கு உங்களிடையே பழகிய சைகை இல்லை. வண்ணத்தைத் தடிப்பாக அப்பி வரைவதற்கு ஒரு சைகை வேண்டியிருந்தது. ஒரு மாலை முழுக்க அந்தப் படத்தின் முன் நின்று, ஒருவர் செய்வதும் மற்றவர் தலையசைத்து மறுப்பதுமாகப் போயிற்று. கடைசியில் தம்பி ஒருவர் வலது கையைக் கத்திபோல் இடது உள்ளங்கையில் வைத்து, இழுத்து, நுனியில் சட்டென்று தூக்கினார். வண்ணம் கத்தியோடு எழும்பி நிற்பது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. மூன்று வரியில் நான் எழுதியிருந்த விளக்கத்தைவிட அது துல்லியம்.

நீர்வண்ண ஓவிய அறைதான் பெரும் சிக்கல். காகிதமும் வண்ணமும் வெளுக்காமல் இருக்க அங்கே வெளிச்சத்தை 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவில்தான் வைக்கிறோம். அந்த மங்கலில் வழிகாட்டியின் விரல்கள் தெரியவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்; ஓவியங்களைக் கெடாமல் காக்கும் பிரிவின் அம்மா அப்படிச் சொல்லவில்லை. மறைப்பு வைத்த சிறு விளக்கு ஒன்றை வழிகாட்டி நிற்கும் இடத்துக்கு மட்டும் திருப்பி, ஓவியத்தின் மேல் ஒளி சிந்துகிறதா என்று சுவர் சுவராக ஒளிமானியால் அளந்து பார்த்தார். நன்றி அம்மா.

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் பலகைகளைப் படித்துத் திருத்திய ஆசிரியர் ஐயாவுக்கு. நாங்கள் அவற்றைச் சுவரில் நெட்டுக்குத்தாக அடித்திருந்தோம். நீங்கள் இரண்டு வரி படித்துவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டீர்கள். இப்போது அவை இடுப்பு உயரத்தில் சாய்வாக இருக்கின்றன. பலகை எங்கே இருக்கிறது என்று காலுக்குச் சொல்லத் தரையில் ஒரு மேடுபட்ட பட்டையும் உண்டு. சூடுபட்டால் கோடுகள் புடைக்கும் தாளில் நாங்கள் அச்சிட்ட முதல் படத்தை, “இது கோடுகளின் குப்பை” என்றீர்கள். அமைப்பு மட்டும் ஒரு தாளில், விவரங்கள் இன்னொரு தாளில் என்று பிரிக்கச் சொன்னதும் நீங்கள்தான். பேச்சு விளக்கத்தில் நிறங்களை விட்டுவிடாதே என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. பார்வையை இடையில் இழந்தவர் மனத்தில் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது.

இத்தாலியின் அங்கோனாவில் உள்ள ஒமேரோ அருங்காட்சியகத்தைப் பற்றி முதலில் சொன்னவரும் அந்த ஆசிரியர் ஐயாவே. ஆல்டோ கிராசினி, தானியேலா போத்தெகோனி என்ற பார்வையற்ற தம்பதியின் எண்ணத்தில் உருவாகி 1993இல் திறந்தது. சிற்பங்களைக் கையால் தடவித்தான் அங்கே பார்க்கிறார்கள். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015இல் தன் ஓவியங்கள் சிலவற்றைப் புடைப்பு நகல்களாகச் செய்து தொடக் கொடுத்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1913லேயே பார்வையற்ற மாணவர்களை அழைத்திருக்கிறது. நாம் தாமதமாகத்தான் வந்திருக்கிறோம்.

“எத்தனை பேர் வரப்போகிறார்கள்?” என்ற கேள்வி நிதிக் கூட்டத்தில் எழுந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவை எடுத்து வைத்து, “அருங்காட்சியகம் என்று இதிலேயே எழுதியிருக்கிறது, எண்ணிக்கை பிறகு வரும்” என்று கையெழுத்திட்ட அலுவலருக்கு மனமார்ந்த நன்றி. வாசல் கதவு அகலமாக இல்லாத வீட்டில் விருந்தாளியை எண்ணிப் பார்ப்பது நியாயமில்லை.

சக்கர நாற்காலியில் வந்து, கண்ணாடிப் பேழைகளில் தனக்குத் தெரிவது விளக்கின் பளபளப்பு மட்டுமே என்று காட்டிக்கொடுத்த தங்கைக்கும், முதல் சாய்தளத்தை முகம் சுளிக்காமல் பிரித்துப்போட்ட தச்சருக்கும். 15 செ.மீ. படிக்கு ஒரு மீட்டர் பலகை போதும் என்று நாங்கள்தான் சொன்னோம். உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு என்ற கணக்கில் 1.8 மீட்டர் வேண்டும். அவர் போட்டுக் கொடுத்த பிறகு அந்தத் தங்கை யார் கையும் இல்லாமல் ஏறினார்.

காவலர் அண்ணன் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. ஒருநாள் ஓவியத்தை நெருங்கிய ஒரு பெண்ணைப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராததால் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குக் காது கேளாது. அவர் அழுதுகொண்டே வெளியேறினார். அன்றிரவு அண்ணன் தூங்கவில்லையாம். மறுநாள் வழிகாட்டிகளிடம் போய்த் தனக்குச் சைகை கற்றுத்தரச் சொன்னார். இப்போது காவலர்கள் எல்லோருக்கும் எதிரே வந்து நின்று கையசைக்கத் தெரியும். “வாருங்கள்”, “கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்”, “மன்னியுங்கள்” மூன்றும் தெரியும். மூன்றாவதை அவர் முதலில் கற்றார்.

மேல்தளத்துக்கு இன்னும் படிக்கட்டு மட்டுமே. மின்தூக்கிக்கான வேலை தொடங்கியிருக்கிறது. அது முடிந்ததும் உங்கள் எல்லோரையும் மேலே அழைத்துப்போக வேண்டும்; எங்கே தவறு என்று அங்கேயும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கலைக்கூடக் கல்விப் பிரிவிலிருந்து