அண்ணா, உங்கள் மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

அன்புள்ள மாடி வீட்டு அண்ணனுக்கு,

நேற்று சாயங்காலம் நீங்கள் மனுவை நீட்டியபோது வாசித்துவிட்டு, "அப்புறம் போடுகிறேன் அண்ணா" என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். உங்கள் முகம் வாடியதைப் பார்த்தேன். டெங்கு வந்த மகளோடு போன மாதம் ஏழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவள் நான், தெருவில் முதல் கையெழுத்தே என்னுடையதாக இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நியாயம்தான். வாசலில் நின்று பேசியிருந்தால் வாக்குவாதமாகப் போயிருக்கும், அதனால் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம், இதே மாதிரி மனு எத்தனையோ தெருக்களில் கை மாறிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பெயரும் தெருவின் பெயரும் இதில் எங்கும் வராது.

மனுவில் இரண்டு கோரிக்கை இருக்கிறது. சாக்கடையைத் தூர்வாரி மூட வேண்டும், வாரம் இரண்டு முறை கொசு மருந்துப் புகை அடிக்க வேண்டும். சாக்கடை விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, அந்த நாற்றத்தில் ஜன்னல் திறக்க முடியாமல் நானும்தான் இருக்கிறேன். ஆனால் டெங்கு வந்ததற்குச் சாக்கடைதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரியில்தான் என் கை நின்றுவிட்டது.

ராத்திரி காதருகே ரீங்காரமிட்டுத் தூங்கவிடாமல் செய்கிற கொசு வேறு, அது சாக்கடைக் கொசு. டெங்குவைக் கொண்டுவருகிற ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னாலும் அதிகமாக. கருப்பு உடம்பு, காலில் வெள்ளை வெள்ளையாக வரி. சாக்கடையைப் பெரும்பாலும் அது சீண்டாது, அதற்கு வேண்டியது ஓரளவு சுத்தமான, அசையாமல் நிற்கிற தண்ணீர். அதாவது நாம் பிடித்துவைக்கிற தண்ணீர். டிரம், மாடித் தொட்டி, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு, மழையில் நிறைந்த பழைய டயர். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் ஆயுசு பெரும்பாலும் முடிந்துவிடும். அப்படியென்றால் என் மகளைக் கடித்த கொசு எங்கிருந்தோ பறந்து வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு, நம் தெருவில் யாரோ ஒருவர் வீட்டில், அனேகமாக என் வீட்டிலேயே பிறந்தது.

என் வீடு என்று சும்மா சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன். வாளி, குடம் எல்லாம் சுத்தமாக இருந்தது. கடைசியில் ஃபிரிட்ஜை நகர்த்தினேன். அதற்குப் பின்னால், அடியில் ஒரு தட்டு இருக்கிறதே, உள்ளே உருகுகிற தண்ணீர் வடிந்து நிற்கிற தட்டு, ஆறு வருஷத்தில் அதை ஒருமுறைகூட நான் இழுத்துப் பார்த்ததில்லை. இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். நகத்தின் வெள்ளை நுனி அளவுகூட இல்லாத புழுக்கள், தலைகீழாக, வால் நுனியைத் தண்ணீரின் மேல்பரப்பில் ஒட்டவைத்துக்கொண்டு தொங்கின. அந்த வால் பக்கம் இருக்கிற குழாயால்தான் அவை மூச்சு விடுகின்றன. என் கை நிழல் பட்டதும் எல்லாம் ஒன்றாக நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின, கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாக மேலே வந்து திரும்பவும் தொங்கின. ஓரத்தில் இரண்டு மட்டும் கால்புள்ளி மாதிரி சுருண்டு மிதந்தன. அவை கூட்டுப்புழுக்கள், இன்னும் ஓரிரண்டு நாளில் கொசுவாகிப் பறந்திருக்கும். அந்தத் தட்டிலிருந்து மகளின் கட்டில் நாலு எட்டு தூரம்.

அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் அண்ணா.

முட்டை பொரிந்து, புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள்தான் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்க்கச் சொல்கிறார்கள். வெறுமனே கவிழ்த்தாலும் போதாது. தாய்க்கொசு முட்டையைத் தண்ணீரின் நடுவில் போடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காயவைத்தாலும் அந்த முட்டை சாகாது, 8 மாதம் வரைகூட உயிரோடு கிடக்கும், அடுத்த மழையில் தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் பொரிந்துவிடும். ஆகவே நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். இது எனக்கும் இத்தனை வருஷமாகத் தெரியாது.

இப்போது புகைமருந்துக்கு வருகிறேன். புகை வண்டி தெருவில் போனால் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது, யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று. அந்தப் புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருக்கிற புழுவையும் கூட்டுப்புழுவையும் ஒன்றும் செய்யாது. ஏடிஸோ கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், தொங்குகிற துணிகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். வண்டி வருகிற சத்தம் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? கதவு ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்துகிறோம். தெருவில் டெங்கு பரவிக்கொண்டிருக்கிற சமயத்தில், ஏற்கெனவே கிருமியைச் சுமந்து பறக்கிற கொசுக்களைக் குறைக்க அது உதவலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் அடுத்த கூட்டம் தொட்டியிலிருந்து எழுந்து வந்துவிடும்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், அதில் ஒன்றை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். கியூபாவின் ஹவானா நகரத்தில் நூறு வருஷத்துக்கும் முன்னால் மஞ்சள் காய்ச்சலால் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பரப்புவதும் இதே ஏடிஸ்தான். நோய் கொசுவால் வருகிறது என்று அந்த ஊர் டாக்டர் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே சொன்னார், சுமார் இருபது வருஷம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அழுக்குதான் காரணம் என்று நம்பி நகரத்தின் தெருக்களையெல்லாம் கழுவித் துடைத்தார்கள். மற்ற சில நோய்கள் குறைந்தன, மஞ்சள் காய்ச்சல் மட்டும் 1900-ல் முன்பைவிட அதிகமானது. ஃபின்லே சொன்னது சரிதான் என்று அந்த வருஷம் சோதனையில் உறுதியான பிறகு, வில்லியம் கோர்காஸ் என்கிற ராணுவ டாக்டர் ஆட்களை வீடு வீடாக அனுப்பித் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்கவைத்தார், மூடவைத்தார், புழு இருந்த வீட்டுக்கு அபராதம் போட்டார். 1901 முடிவதற்குள் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் இல்லாமல் போய்விட்டது. தடுப்பூசி எதுவும் அப்போது கிடையாது.

நம் தெருவுக்கும் அப்படி வீடு வீடாக ஒருவர் வருகிறார், நமக்குத்தான் அது பெரிதாகத் தெரிவதில்லை. போன வாரம் தொட்டி பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் அம்மாவை நீங்கள் கேட்டிலேயே நிறுத்தி, "எங்கள் வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பினீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, மகளுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்னால் அதே அம்மாவை இரண்டு தடவை "வேலையாக இருக்கிறேன், பிறகு வாருங்கள்" என்று அனுப்பியவள்தான் நானும். உங்கள் வீடு சுத்தம்தான், அதைத் தெருவே சொல்லும். ஆனால் எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது உங்கள் மாடி நன்றாகத் தெரிகிறது. தொட்டியின் மூடி உடைந்து, மேலே ஒரு சாக்கைப் போட்டுக் கல் வைத்திருக்கிறீர்கள், காற்றில் சாக்கு ஒரு பக்கம் விலகிக் கிடக்கிறது. சுவரோரம் வெள்ளையடித்தபோது வைத்த இரண்டு பெயின்ட் வாளிகள் மழைத் தண்ணீரோடு அப்படியே இருக்கின்றன. உங்களுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து நீங்கள் மாடி ஏறுவதில்லை என்று அண்ணி சொன்னார்கள். அங்கே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை.

நான் இவ்வளவு பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்தாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் விட்டதும், கடவுளே என்று மூச்சு விட்டு, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். இனிமேல்தான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நிலைமை திடீரென்று மோசமாகுமாம். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், ஒரேயடியாகச் சோர்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல் என்றதும் நாமே வாங்கிப் போட்டுக்கொள்கிற ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகமாக்கும் என்பதால் அவற்றைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். அந்த இரண்டு ராத்திரியும் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெங்கு கிருமியில் நாலு வகை. ஒரு வகை வந்துபோனால் அது திரும்ப வராது, மற்ற மூன்றும் வரலாம், இரண்டாவது தடவை வேறு வகை வந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மகளுக்கு ஒன்று வந்துவிட்டது. உங்கள் பேரன் விடுமுறைக்கு வந்தால் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான், அவள் உங்கள் வீட்டில். இரண்டு வீட்டுத் தண்ணீரும் இரண்டு பிள்ளைகளுக்கும் பொது, அவ்வளவுதான்.

மனுவைக் கிழிக்க வேண்டாம் அண்ணா. சாக்கடைக் கோரிக்கை அப்படியே இருக்கட்டும், டெங்கு பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். புகைக்குப் பதிலாக, வாரம் தவறாமல் ஒரே நாளில் தொட்டி பார்க்க ஆள் அனுப்ப வேண்டும், குழாயில் தண்ணீர் ஒழுங்காக வர வேண்டும் என்று எழுதுங்கள். தண்ணீர் எப்போது வரும் என்று தெரிந்தால் யார் டிரம் டிரம்மாகப் பிடித்துவைக்கப் போகிறார்கள்? அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன், பாக்கி வீடுகளுக்கும் உங்களோடு நடக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன். நீங்கள் ஏற வேண்டாம், கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டால் போதும். தொட்டிக்கு அளவான மூடியும் தேய்க்க நாரும் நான் கொண்டுவருகிறேன். பெயின்ட் வாளித் தண்ணீரைக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு டம்ளரில் எடுத்து உங்களுக்குக் காட்டுகிறேன்.

அன்புடன்,
பக்கத்து வீட்டுத் தங்கை